இரண்டு லொட்ஜுகள்

லொட்ஜ் என்னும் சொல்லுக்குக் கொழும்பில் வாழும் தமிழர் எவருக்கும் விளக்கம் வேண்டியதில்லை. கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும் அதன் பெயர்ப்பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருப்பவர், பெரியாஸ்பத்திரியில் கிளினிக் நாளுக்காக வந்தவர், வழக்குக்கு வந்தவர், வேலை தேடி வந்தவர் எனப் பலரும் நாள்வாடகை கொடுத்து ஒண்டியிருக்கும் அறைகளின் அடுக்குக்கே எமது வழக்கில் லொட்ஜ் என்று பெயர். மேசன் என்னும் சொல்லும் அவ்வாறே. கல்லையும் சீமெந்தையும் கையாளும் தொழிலாளிக்கு எமது ஊர்களில் வேறு பெயர் இல்லை.

ஆகவே, எமது உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி ஆங்கிலப் பத்திரிகையொன்றைக் கையில் வைத்துக்கொண்டு கேட்ட கேள்வியில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. பிறநாட்டு நகரொன்றின் நடுவே நிற்கும் மேசன் லொட்ஜ் ஒன்று தனது புராதனக் கட்டடத்தைக் காப்பதற்கு நிதி திரட்டுகிறது என்பது செய்தி. “மேசன்மார் தங்கிற லொட்ஜோ சேர்? அதைத் திருத்தச் சனம் ஏன் இவ்வளவு காசு குடுக்குது?” என்றாள். வகுப்புச் சிரித்தது. சிரித்தவர்களுக்கு அவளைவிட அதிகம் தெரிந்திருந்தது என்று கொள்வதற்கில்லை. உண்மையில் அவள் சொன்னதே அச்சொல்லின் ஆதிப் பொருள். மேசன்மார் தங்கிய கொட்டில்தான் லொட்ஜ்.

மத்திய கால ஐரோப்பாவில் பேராலயம் ஒன்றைக் கட்டி முடிக்க ஒரு தலைமுறையும் ஆகலாம், மூன்று தலைமுறையும் ஆகலாம். ஊர் ஊராகச் சென்று வேலை செய்த கற்கொத்தர்கள் கட்டட வேலைத்தலத்தின் அருகே மரத்தால் ஒரு கொட்டில் அடித்துக்கொண்டனர். கல் செதுக்கியதும் உளி தீட்டியதும் உண்டதும் களைப்பாறியதும் அதற்குள்ளேதான். 1370ஆம் ஆண்டில் யோர்க் பேராலயத்தின் நிர்வாகிகள் தமது கொத்தர்களுக்கு விதித்த ஒழுங்குவிதிகள் இன்றும் கிடைக்கின்றன. எப்போது வேலை தொடங்க வேண்டும், உணவுக்கும் ஓய்வுக்கும் எவ்வளவு நேரம் என்பனவே அவற்றின் சாரம். லொட்ஜ் என்னும் சொல்லும் அங்கே வருகிறது. வேலைத்தலத்தில் மணியடித்து நேரம் பார்க்கும் கங்காணியை அறிந்த எமக்கு அவ்விதிகள் அந்நியமானவையல்ல.

கொட்டிலில் கூடியவர்கள் கூலியைப் பற்றிப் பேசாமல் இருப்பார்களா? கொள்ளைநோயினால் தொழிலாளர் தொகை குறைந்து கூலி உயரத் தொடங்கியதும் 1351இல் இங்கிலாந்துப் பாராளுமன்றம் கூலிக்கு உச்சவரம்பு கட்டியது. கொத்தர்கள் கூட்டங்கூடி அச்சட்டத்தைச் செல்லாக்காசாக்குகிறார்கள் என்று கூறி, 1425இல் அவர்களுடைய வருடாந்தக் கூட்டங்களையே தடைசெய்தது. ஆக, சரித்திரத்தில் அரசாங்கம் அஞ்சிய முதல் மேசன்கள் இரகசியச் சடங்கு செய்த கனவான்கள் அல்லர். கூலி கேட்ட தொழிலாளிகள்.

பின்னர் நடந்தது ஒரு விசித்திரமான கைமாற்றம். கோயில் கட்டும் காலம் ஓய்ந்து தொழிலாளர் லொட்ஜுகள் தேய்ந்தபோது, கல்லைத் தொட்டறியாத கனவான்கள் ‘ஏற்றுக்கொள்ளப்பட்ட’ உறுப்பினராக உள்ளே வந்தனர். 1717இல் லண்டனின் மதுச்சாலையொன்றில் நான்கு லொட்ஜுகள் கூடித் தலைமைச் சங்கம் அமைத்தன என்பது அவர்களது மரபு. மூலைமட்டமும் கவராயமும் சின்னங்களாயின. கொத்தனின் தோலாடை பட்டுக்கரை தைத்த அணியாயிற்று. தொழிலாளி போய்விட்டான், அவனுடைய ஆயுதங்கள் மாத்திரம் எஞ்சின. பிறப்பாலும் மதத்தாலும் பிளவுண்டிருந்த ஒரு சமுதாயத்தில் பிரபுவும் வணிகனும் ஒருவரையொருவர் சகோதரர் என்று விளித்து ஒரே தளத்தில் அமர்ந்தது அக்காலத்துக்கு ஒரு முன்னேற்றமே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சகோதரத்துவத்துக்கு ஒரு கதவு இருந்தது. கதவுக்கு வெளியே உருவிய வாளுடன் ஒரு காவலரை நிறுத்தும் வழக்கமும் இருந்தது. 1723இல் அச்சேறிய அவர்களது அமைப்புவிதி, உறுப்பினர் சுதந்திரமாகப் பிறந்தவராக இருத்தல் வேண்டும், அடிமைகளுக்கும் பெண்களுக்கும் இடமில்லை என்று எழுதி வைத்தது.

இந்த விதியை மனத்தில் கொண்டு கொழும்புக்கு வருவோம். கிருலப்பனையில் 138ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி ஹைலெவல் வீதிவழியே கோட்டைப் பக்கம் போகும் எவரும் கொம்பனித்தெருவை அறிவர். இலங்கைக்கு மேசன் இயக்கம் வந்தது ஒல்லாந்தர் காலத்தில், 1770களில். ஆங்கிலேயர் ஆட்சியில் 1838இல் சென் ஜோன்ஸ் லொட்ஜும், 1861இல் அயர்லாந்துச் சங்கத்தின் கீழ் ஸ்பிங்ஸ் லொட்ஜும் கொழும்பில் அமைந்தன. இன்று கொழும்பு மேசன்களின் தலைமை இல்லமாக விளங்கும் விக்ரோறியா மேசன் மண்டபம் கொழும்பு 2இல், அக்கொம்பனித்தெருவை ஒட்டி, சேர் சிற்றம்பலம் ஏ. கார்டினர் மாவத்தையில் இருக்கிறது. சினிமா முதலாளியாகிய ஒரு தமிழரின் பெயர் கொண்ட வீதியில், ஓர் ஆங்கில மகாராணியின் பெயர் கொண்ட மண்டபம்! அவ்வழியே எத்தனையோ முறை போய்வந்திருக்கிறோம். உள்ளே சென்றதில்லை, செல்ல அழைப்புமில்லை.

கொம்பனித்தெருவுக்கு ஆங்கிலத்தில் நெடுங்காலம் இன்னொரு பெயர் வழங்கிவந்தது. அதைத் தமிழில் சொன்னால் அடிமைத் தீவு. ஆபிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளை ஒல்லாந்தர் இராக்காலத்தில் பேரை வாவி சூழ்ந்த அந்த நிலத்தில் அடைத்து வைத்தனர். பகலில் கோட்டைக்குள் உழைப்பு, இரவில் நீர் சூழ்ந்த சிறை. கொழும்புக் கோட்டையின் எந்த மதிலில் அவர்களுடைய கைபடவில்லை? அடிமைக்கு இடமில்லை என்று விதி எழுதிய ஒரு சகோதர சங்கத்தின் மண்டபம், அடிமைகளின் பெயரைத் தாங்கிய மண்ணோடு ஒட்டி நிற்பதைச் சரித்திரத்தின் கேலி என்றே சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் தலைமைச் சங்கம் ‘சுதந்திரமாகப் பிறந்தவர்’ என்னும் சொல்லை ‘சுதந்திர மனிதர்’ என்று மாற்றியது 1847இல். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். அந்த 1844 வரையில் யாழ்ப்பாணத்தில் அடிமைகளை வைத்திருந்தவர்கள் ஒல்லாந்தரல்லர், எம்மவர்களே என்பதையும், 1968இல்கூட மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் தாழ்த்தப்பட்ட மக்கள் நுழைவுக்காகப் போராட வேண்டியிருந்தது என்பதையும் சொல்லாமல் ஆங்கிலேயனின் கதவை மாத்திரம் குறைகூறுவது நேர்மையாகாது.

இந்தியாவிலும் அக்கதவு எளிதில் திறக்கவில்லை. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத் உல் உமரா 1770களிலேயே திருச்சிராப்பள்ளியில் மேசனாகச் சேர்க்கப்பட்டார், அவர் அரசகுமாரர். ஆனால் கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத் என்ற வணிகர் இந்து என்ற காரணத்தால் ஒன்பது ஆண்டுகள் வழக்காடியே 1872இல் உள்ளே நுழைய முடிந்தது. பன்னிரண்டு ஆண்டுகளின் பின், 1884இல், அதே ‘அங்கர் அன்ட் ஹோப்’ லொட்ஜில் நரேந்திரநாத் தத் என்னும் இளைஞர் சேர்ந்தார். அவரே விவேகானந்தர். 1897 ஜனவரியில் அவர் கொழும்பில் வந்திறங்கியபோது கூடிய கூட்டத்தின் ஞாபகத்தில் பிறந்தது 1902இல் இங்கு நிறுவப்பட்ட விவேகானந்த சபை. கொழும்பு 13இல் அச்சபை இருக்கும் மேட்டுக்கே இன்று விவேகானந்த மேடு என்று பெயர்.

கொம்பனித்தெருவில் எது தப்பியது, எது தப்பவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 2010 மே மாதம் மியூஸ் வீதியில் குடும்பங்கள் வாழ்ந்துகொண்டிருந்த வீடுகள் ஆயுதப் பாதுகாப்புடன் இடிக்கப்பட்டன. அந்த ஆண்டிலேதான் நகர அபிவிருத்தி அதிகாரசபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. மலாயரும் முஸ்லிம்களும் தமிழரும் சிங்களவரும் சுவரோடு சுவர் ஒட்டி வாழ்ந்த அத்தெருக்களின் மேல் இப்போது கண்ணாடிக் கோபுரங்கள் எழுந்துள்ளன. அங்கேயே றியோ திரையரங்கு. ஒரு தமிழ்க் குடும்பம் 1965இல் திறந்தது. 70 மில்லிமீற்றர் படம் காட்டிய அரங்கு. 1983 ஜூலையில் அதற்குத் தீ வைத்தார்கள். எரிந்த சுவர்களோடு அது பல்லாண்டு காலம் அப்படியே நின்றது. 2015இல் கலைவிழாவொன்று அதற்குள்ளே நடந்தபோது, கரிபிடித்த படிகளில் ஏறிச் சென்று பார்த்த இளைஞர் பலருக்கு ஜூலை என்பது முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. பாதுகாக்கவென்று எவரும் பாதுகாக்காத கட்டடம் எந்த நினைவுச்சின்னத்தையும்விட அதிகம் பேசியது.

எனவே ஒரு கட்டடம் தப்புவது அதன் பெருமையால் அன்று. உறுதிப்பத்திரம் யார் கையில் இருக்கிறது, வரி கட்டுபவர் யார், ஓடு உடைந்தால் மாற்றப் பணம் எங்கிருந்து வருகிறது, அதிகாரியின் மேசையருகே சென்று அமரக்கூடியவர் யார் என்பனவே விடயம். ஒரு சகோதர சங்கம் இவை எல்லாவற்றையும் தன்னகத்தே வைத்திருக்கிறது. எமது தொல்பொருட் கட்டளைச் சட்டம் 1940இல் இயற்றப்பட்டபோது புராதனச் சின்னம் என்பதற்கு இட்ட எல்லைக்கோடு 1815 மார்ச் 2, அதாவது கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கையில் வீழ்ந்த நாள். பின்னர் திருத்தங்கள் வந்தன என்றாலும், கட்டடத்தின் வயதைக் கேட்கும் சட்டம் அதற்குள் வாழ்ந்தவர் யார் என்று கேட்பதில்லை.

சென்னைக்குப் போகும் வாசகர் மெரீனாக் கடற்கரை வீதியில் வெண்ணிறத் தூண்களுடன் நிற்கும் தமிழ்நாடு பொலிஸ் தலைமையகத்தைக் கண்டிருப்பர். 1839இல் மேசன் மண்டபமாகவே அது எழுந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே சென்னையில் அமைந்த ‘பேர்பெக்ட் யுனானிமிட்டி’ என்னும் லொட்ஜ் அதைக் கட்டியது. தமிழில் சொன்னால் பூரண ஒருமைப்பாடு. பெயரில் ஒருமைப்பாடு பூரணமாயிருந்தும் கட்டடத்தை வைத்திருக்க இயலவில்லை. 1865இல் மாகாணப் பொலிஸின் முதல் தலைவர் றொபின்சன் அதை மாதம் 90 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்தார்; 1874இல் பொலிஸ் திணைக்களமே 20,000 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டது. சகோதரர்கள் எழும்பூரில் 1925இல் வேறு மண்டபம் எழுப்பிக்கொண்டனர். 1934இல் பிரித்தானிய ஆட்சி கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்தபோதும், 1949இல் சென்னை மாகாண அரசு தடைசெய்தபோதும், அத்தடைகளை நிறைவேற்றிய பொலிஸின் தலைமை இல்லம் இந்தச் சகோதர மண்டபமே.

1993இல் அரசாங்கம் அதை இடித்துப் பன்மாடிக் கட்டடம் எழுப்பத் தீர்மானித்தது. அப்போது நீதிமன்றம் சென்றவர்கள் லொட்ஜின் சகோதரர்கள் அல்லர். இன்ராக் எனப்படும் மரபுரிமைப் பாதுகாப்பு நிறுவனத்தார். வழக்கும் பொதுமக்கள் கருத்தும் சேர்ந்து கட்டடத்தைக் காத்தன. இதை நாம் பெரிதாகக் கருதுகிறோம். அந்த மண்டபத்தில் ஒருநாளும் உள்ளே அனுமதிக்கப்பட்டிருக்க மாட்டாதவர்களின் பேரப்பிள்ளைகளும் ‘இது எங்கள் நகரத்தின் சொத்து’ என்று சொன்னதால் அது நிற்கிறது. சொத்துரிமை காக்காததை ஊருரிமை காத்தது. அதே கடற்கரை வீதியில், சற்றுத் தொலைவில், தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை 1959 முதல் நிற்கிறது. நான்கு மனிதர் சேர்ந்து ஒரு பாறையைப் பெயர்க்கிறார்கள். சுண்ணாம்பு அரைத்து அத்தூண்களைப் பளிங்குபோல் இழைத்த சென்னைக் கொத்தர்களின் பெயர்கள் எங்கும் பொறிக்கப்படவில்லை. அந்த நால்வரையே அவர்களாக நாம் நினைத்துக்கொள்வது.

இனி மற்ற லொட்ஜுக்கு வருவோம்.

2006 ஆகஸ்டில் முகமாலையில் ஏ-9 பாதை மூடப்பட்டது. எமது பெரியம்மா கண் சத்திரசிகிச்சைக்காகக் கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கொழும்பு சேர்ந்தது 2007 தை மாதம். கிருலப்பனையில் நாங்கள் ஐவர் ஓர் அறையும் விறாந்தையுமாக வாடகைக்கு இருந்தோம். வீட்டிலிருப்போர் ஒவ்வொருவர் பெயரையும் பொலிஸில் பதிய வேண்டிய காலம். யாழ்ப்பாண அடையாள அட்டையுடன் இன்னொரு பெயரைச் சேர்க்க வீட்டுக்காரர் அஞ்சினார். ஆகவே பெரியம்மா கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கினார். நாம் அப்போது உயர்தர வகுப்பு மாணவர். பின்னேரங்களில் இடியப்பப் பொதியும் சொதிப் போத்தலுமாக அங்கே போவது எமது கடமை.

கீழே இரும்புக்கடை. பக்கத்தில் ஓர் ஆள் மட்டும் ஏறக்கூடிய மரப்படி. பழைய காலத்து ஒரு பெரிய மண்டபத்தைப் பலகை வைத்து மறித்து எட்டு அறைகளாக்கியிருந்தார்கள். மறிப்புக் கூரைவரை போகாது. ஆதலால் இரண்டு அறைக்கு ஒரு மின்விசிறி போதுமாயிருந்தது. ஓர் அறையில் ஒருவர் இருமினால் எட்டு அறையும் விழிக்கும். சுவரிலே நகைக்கடைக் கலண்டர், அதன் கீழே ‘அறையில் சமைக்கக் கூடாது’ என்ற அறிவித்தல். அந்த அறிவித்தலுக்கு நேர் கீழே மின்கேத்தலில் முட்டை அவிந்துகொண்டிருக்கும். முகாமையாளரின் மேசையில் நீளமான பதிவுப் புத்தகம். பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், வந்த காரணம். ‘வந்த காரணம்’ என்ற அந்தக் கடைசி நிரலை நிரப்பும்போது வயது போனவர்களும் பள்ளிப் பிள்ளைகள் போல யோசித்து யோசித்து எழுதுவர்.

சத்திரசிகிச்சை முடிந்தபின் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கண்ணுக்குத் துளிமருந்து விட வேண்டும். இரவில் நாங்கள் அங்கே நிற்க முடியாது. பக்கத்து அறையில் மன்னாரைச் சேர்ந்த ஒரு பெண், கணவனிடம் போவதற்கு விசாவுக்குக் காத்திருந்தவர், இரவு பத்துக்கும் இரண்டுக்கும் காலை ஆறுக்கும் எழுந்து வந்து மருந்து விட்டார். மூன்று வாரம் ஒரு வேளையும் தவறவில்லை. அவர் கத்தோலிக்கர், பெரியம்மா செவ்வாய் வெள்ளிகளில் மச்சம் விலக்கும் சைவர். எதிர் அறையில் மட்டக்களப்புக் கிழவர் ஒருவர் இருந்தார். அவர் ஒவ்வொரு நாளும் பத்திரிகையை உரத்து வாசிப்பார். எட்டு அறைக்கும் ஒரே பத்திரிகை. சகோதரர் என்ற சொல்லை அந்த லொட்ஜில் எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை.

பெரியம்மா சித்திரையில் ஊர் திரும்பிவிட்டார். ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை லொட்ஜுகளில் பொலிஸார் நுழைந்தனர். தகுந்த காரணமின்றித் தலைநகரில் தங்கியிருக்கிறார்கள் என்று கூறி 376 தமிழரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினர். பெண்களும் நோயாளிகளும் அவர்களில் இருந்தனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் உயர்நீதிமன்றத்தில் மனுச் செய்தது. மறுநாளே நீதிமன்றம் வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவிட்டது. பிரதமராயிருந்த ரத்னசிறி விக்கிரமநாயக்க பகிரங்கமாக வருத்தம் தெரிவித்தார். பலர் திரும்பக் கொண்டுவரப்பட்டனர். ஆனால், ஒரு குடிமகன் தன் நாட்டின் தலைநகரில் ஓர் இரவு தூங்குவதற்குக் காரணம் காட்ட வேண்டும் என்ற எண்ணம் அந்த உத்தரவோடு அழிந்துபோயிற்றா? அந்தப் பதிவுப் புத்தகங்களின் கடைசி நிரலைக் கண்டவர்களுக்கு அதை நம்புவது எளிதன்று. ஒரு லொட்ஜின் வாசலில் வாளேந்திய காவலர் வெளியிலிருப்போரை உள்ளே விடாமல் நிற்கிறார். மற்ற லொட்ஜின் வாசலில் துவக்கேந்தியவர் உள்ளிருப்போரை வெளியே இழுக்கிறார். மன்னார்ப் பெண்ணைப் பற்றிப் பெரியம்மா தொலைபேசியில் பல தடவை கேட்டார். பின்பு கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

2009இன் பின் பாதை திறந்தது. பஸ்கள் இரவோடிரவாக யாழ்ப்பாணம் போய்வரத் தொடங்கின. மாதக்கணக்கில் காத்திருக்கும் தேவை குறைந்தது. பெரியம்மா தங்கிய லொட்ஜ் இப்போது இல்லை. இரும்புக்கடை இருந்த இடத்தில் தரையோடு விற்கிறார்கள். மேல்மாடி அதன் களஞ்சியம். இதில் வருந்த என்ன இருக்கிறது என்று நண்பரொருவர் கேட்டார். சத்தமும் மூட்டைப்பூச்சியும் நிறைந்த அந்த அறைகள் இல்லாதொழிந்தது நல்லதே. அவற்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூசை செய்யும்படி நாம் கேட்கவில்லை. ஆனால் அங்கே இருந்த கூட்டுறவுக்கு ஒரு சுவடுகூட இல்லாமற் போவதும், பட்டாடைச் சகோதரத்துவத்துக்கு மாத்திரம் கல்லும் கல்வெட்டும் இருப்பதும் நியாயமா என்பதே கேள்வி.

ஏழைகளிடம் சகோதர சங்கம் இல்லை என்று எவரும் எண்ண வேண்டாம். கிருலப்பனைக் கால்வாய்க் கரைத் தோட்டங்களில் மரணாதார சங்கங்கள் இருக்கின்றன. மாதச் சந்தா சிறு தொகை. சாவு விழுந்தால் சங்கத்தார் வந்து படங்கு கட்டுவார்கள், கதிரை இறக்குவார்கள், தேநீர் ஊற்றுவார்கள், பெட்டிக்கும் பறைக்கும் பணம் கொடுப்பார்கள். சிங்களவரும் தமிழரும் ஒரே சங்கத்தில் இருக்கும் தோட்டங்களை நாம் அறிவோம். சாவு வீட்டில் பன சொல்வதா தேவாரம் பாடுவதா என்பதை வீட்டுக்காரர் தீர்மானிப்பார், கதிரை ஒன்றேதான். இச்சங்கங்களின் முழுச் சொத்தும் ஐம்பது பிளாஸ்ரிக் கதிரை, இரண்டு படங்கு, ஒரு தகரப் பெட்டி, அதற்குள் ஒரு கணக்குக் கொப்பி. மண்டபம் இல்லை. தோட்டத்தை இடித்துச் சனத்தை அடுக்குமாடிக்கு மாற்றும்போது கதிரைகளை வைக்க இடமில்லாமல் சங்கமே கலைந்துபோவதுமுண்டு.

கல்லிலே கட்டியவர்களும் எம்மிடையே இல்லாமலில்லை. கொள்ளுப்பிட்டி 22ஆவது ஒழுங்கையில் இலங்கை வர்த்தக ஊழியர் சங்கத்தின் தலைமையகம் இருக்கிறது. 1928இல் தோன்றிய சங்கம். 1948 முதல் 2014இல் இறக்கும்வரை அதன் பொதுச் செயலாளராக இருந்தவர் பாலா தம்பு. சிங்களத் தொழிலாளர் பெரும்பான்மையாயுள்ள ஒரு சங்கம், 1956ஐயும் 1983ஐயும் தாண்டி, ஒரு தமிழரைத் தன் தலைமையில் 66 ஆண்டுகள் வைத்திருந்தது என்பதை எமது பாடநூல்கள் ஏன் எழுதுவதில்லை? வெள்ளவத்தை 57ஆவது ஒழுங்கையிலே கொழும்புத் தமிழ்ச் சங்கம். 1942இல் நிறுவப்பட்டது. அதன் நூலகத்தில் வந்து அமர எவருக்கும் சிபாரிசுக் கடிதம் தேவையில்லை. கடலையும் சுண்டலும் தின்ற கையைக் கழுவிவிட்டு வந்தால் போதும். எமது பட்டப்படிப்புக்கான குறிப்புகளில் பாதி அங்கே எடுத்தவை. மூன்றாவது முகவரியொன்றும் உண்டு: கொட்டாஞ்சேனையருகே ஸ்ரீ கதிரேசன் வீதி, 201/4. யாழ்ப்பாணத்தில் 1966இல் தொடங்கிய ‘மல்லிகை’யை டொமினிக் ஜீவா தன் முதுமையில் அங்கிருந்தே வெளியிட்டார். சவரக்கடையில் சஞ்சிகை வளர்த்த அந்த மனிதர் 2021இல் மறைந்தார். தெருவிலே நின்று அந்த இலக்கத்தைக் காட்டினால் பிள்ளைகள் ஏதோ கடை என்று நினைக்கிறார்கள். ஒரு பலகையாவது மாட்டக் கூடாதா?

விக்ரோறியா மண்டபத்தை இடிக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நன்றாக நிற்கட்டும். அடுத்த கோபுரத்துக்காக எவரேனும் அதன் மேல் கைவைத்தால், சென்னையில் செய்தது போல அதற்காக வழக்காடவும் எமது மாணவர் முன்வரட்டும். ஆனால் வருடத்தில் ஒரு நாளாவது அதன் கதவு கொம்பனித்தெருப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறக்க வேண்டும். மூலைமட்டம் முதலில் யாருடைய கையில் இருந்தது என்பதை அவர்கள் உள்ளே நின்று கேட்க வேண்டும். லண்டனில் இங்கிலாந்து மேசன்களின் தலைமை மண்டபம் பொதுமக்கள் பார்க்கும் அரும்பொருளகமாகவும் நூலகமாகவும் திறந்திருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே முடியாததன்று.

அதுவரையில் எம்மால் முடிந்ததைச் செய்தோம். சென்ற தவணை உயர்தர வகுப்பாருக்கு ஒரு கட்டுரை கொடுத்தோம்: உங்கள் குடும்பத்தார் கொழும்பில் முதல் இரவு தங்கிய இடம். பெற்றோரைக் கேட்டு எழுத வேண்டும். அலங்காரம் வேண்டாம், படி எத்தனை, ஜன்னல் எத்தனை, பக்கத்தில் யார் என்று எழுத வேண்டும். பதினான்கு கட்டுரைகள் வந்தன. ஒன்பது லொட்ஜுகள் அவற்றில் பெயர் பெற்றன. இரண்டு ஒரே லொட்ஜ், ஒரே ஆண்டு. வெளியேற்றத்தில் பஸ் ஏறிய தாயொருவர் தன் மகளுக்கு முதன்முறையாக அதைச் சொன்னதும் இந்தக் கட்டுரையின் பொருட்டே. கொப்பிகளைச் சேர்த்துக் கட்டி நூலக அலுமாரியில் வைத்திருக்கிறோம்.

அவற்றில் ஒன்று லொட்ஜைப் பற்றியதன்று. ஹற்றன் பக்கத்திலிருந்து வந்த மேசன் ஒருவரின் மகன் எழுதியது. தகப்பன் கொழும்பில் முதல் இரவு தங்கியது கொம்பனித்தெருவில் எழுந்துகொண்டிருந்த ஒரு கோபுரத்தின் அடியில், தகரக் கொட்டிலில், இருபத்துமூன்று பேரோடு. சாந்தும் சட்டியும் மூலைமட்டமும் தலைமாட்டில். மாடிகள் ஏற ஏறக் கொட்டிலும் இரண்டு தடவை இடம் மாறியதாம். கட்டடம் முடிந்ததும் முதலில் கழற்றுவது அதைத்தான். கழற்றுமுன் ஒவ்வொரு தகரத்திலும் தகப்பன் சுண்ணக்கட்டியால் இலக்கம் போடுவார் என்றும், அடுத்த வேலைத்தலத்தில் அதே வரிசையில் பொருத்தினால்தான் ஆணித்துளைகள் ஒன்றோடொன்று பொருந்தும், மழை ஒழுகாது என்றும் எழுதியிருந்தான்.